9 வருட இடைவெளிக்குப் பிறகு மறுபடி வேலை: அந்த ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

அந்திமழை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று கேட்டே ஆக வேண்டிய நிலை.

கணக்குத் துறையில் 11 வருடம் வேலை பார்த்தேன். விடும்போது சீனியர் அக்கவுண்டன்ட். மாதக் கணக்கை முடிப்பது, வங்கிக் கணக்கை ஒத்துப்பார்ப்பது, ஆடிட்டர்கள் கேட்கும் அட்டவணைகளைத் தயாரித்துக் கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. இரண்டாவது குழந்தை பிறந்தபோது ஒரு வருடம் என்று நினைத்துத்தான் விட்டேன். அது மூன்றானது. அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம். படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மொத்தம் 9 வருடம் ஓடிவிட்டது. போன வருடம் அம்மா தவறிவிட்டார்.

கடந்த ஐந்து மாதத்தில் 40 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். மூன்று போன் அழைப்பு, ஒரே ஒரு நேர்காணல். கணக்குக் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னேன். கடைசியில், "இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். குழந்தை, அம்மா, ஆஸ்பத்திரி என்று ஏழெட்டு நிமிடம் பேசிக்கொண்டே போய்விட்டேன். ஒரு கட்டத்தில் குரல் உடைந்தது. எதிரில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தோடு முடிந்தது.

இப்போது இன்னொரு இடத்தில் ஜூனியர் வேலை தருகிறோம் என்கிறார்கள். பில்களைப் பதிவு செய்வதுதான் முழுநேர வேலை. என் முதல் வேலையே அதைவிடக் கொஞ்சம் மேலானது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொள்வதா? அந்தக் கேள்விக்கு என்னதான் பதில்?

---

படகுத்துறை

தோழி, முதலில் அம்மாவின் இழப்புக்கு என் அனுதாபங்கள்.

நான் 7 வருடம் விட்டுவிட்டு மென்பொருள் வேலைக்குத் திரும்பியவள். விடும்போது நான் நிரல் எழுதிய மொழி பைத்தான் 2. திரும்பி வந்தபோது அதற்கான ஆதரவே 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டிருந்தது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கப் பழைய ஆபீசில் சப்வெர்ஷன் வைத்திருந்தோம், இங்கே எல்லோரும் கிட். முதல் வாரம் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். ஆறாவது வாரம் இன்னொருவர் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடித்தேன்.

நடுவில் என்ன நடந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மறந்தது வேறு, தொலைந்தது வேறு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இல் மறதி பற்றித் தன்னையே சோதித்து எழுதினார். மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் அளந்ததோ வேறொன்று: ஒரு முறை கற்று மறந்ததை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. சுத்தமாக மறந்துவிட்டது என்று தோன்றியதைக்கூட இரண்டாம் முறை கற்கக் குறைந்த நேரமே பிடித்தது. எனக்கு நடந்தது அதுதான். உங்களுக்கும் நடக்கும்.

அதனால் "எல்லாம் மறந்துபோச்சு" என்று நேர்காணலில் மட்டுமில்லை, வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். திரும்பத் திரும்பச் சொன்னால் நாமே நம்பிவிடுவோம்.

---

தெளிவானம்

மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவள் நான். 14 வருடமாக ஆள் எடுக்கும் வேலை. கொஞ்சம் நேரடியாகச் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு உங்கள் 9 வருடக் கதை தேவையில்லை. அவர் மனதில் இருப்பது இரண்டு பயம். இவர் மூன்று மாதத்தில் மறுபடி விட்டுப் போய்விடுவாரா? இவருக்குத் தெரிந்தது பழையதாகிவிட்டதா? கேட்கிற விதம் மோசமாக இருக்கலாம், பல சமயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த இரண்டுக்குத்தான். குரல் உடைந்ததில் தவறே இல்லை. ஆனால் எட்டு நிமிடம் விளக்கினால், இன்னும் அந்தக் காலத்துக்குள்ளேயே இருக்கிறார் என்று எதிரில் இருப்பவர் முடிவு கட்டிவிடுகிறார்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"குடும்பத்தில் இருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் 9 வருடம் வேலையில் இல்லை. அந்தப் பொறுப்பு இப்போது முடிந்துவிட்டது. கடந்த நான்கு மாதமாக நான் விட்ட பிறகு மாறிய கணக்கியல் விதிகளைப் படித்து, ஒரு மாதிரிக் கணக்கு செய்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் காட்டுகிறேன்."

இருபது வினாடி. அப்புறம் நிறுத்திவிடுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்று தோன்றும். நிரப்பாதீர்கள். கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி அந்த மாதிரிக் கணக்கைப் பற்றித்தான் வரும், பேச்சு உங்கள் களத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த மாதிரிக் கணக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாக்கியத்தைச் சொல்லவே கூடாது.

---

கல்தூண்

40 விண்ணப்பத்துக்கு மூன்று அழைப்பு என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. சகோதரி, அதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

கேத்ரின் வைஸ்ஹார் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்து 2018-இல் வெளியிட்டார். தகுதி எல்லாம் ஒன்றே, கடைசி சில காலம் மட்டும் வேறு. வேலையில் இருக்கும் தாய்மாருக்கு 15.3 விழுக்காடு அழைப்பு. வேலை பறிபோனவர்களுக்கு 9.7. குழந்தைக்காக வேலையை விட்டவர்களுக்கு 4.9. தந்தையருக்கும் ஏறக்குறைய இதே சரிவுதான். ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவரைவிட, தானாகக் குடும்பத்துக்காக விட்டவரை நிறுவனங்கள் அதிகம் ஒதுக்குகின்றன. அநியாயம்தான். ஆனால் தெரிந்துகொள்வது நல்லது.

கொஞ்சம் ஆறுதலான விஷயமும் உண்டு. 2023-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் வந்த ஆய்வு, பிரிட்டனில் 9,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை வைத்துச் செய்தது. பழைய வேலைகளுக்கு எதிரே "இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை" என்று போடாமல், "4 ஆண்டுகள்", "7 ஆண்டுகள்" என்று அனுபவத்தின் அளவை மட்டும் எழுதினார்கள். இடைவெளி வெளிப்படையாகத் தெரியும் ரெஸ்யூமேயைவிட இதற்குச் சுமார் 15 விழுக்காடு அதிக அழைப்பு வந்தது. ஒரு வரியை மாற்றி எழுதுவதுதான். செய்து பாருங்கள்.

---

தெளிவானம்

கல்தூண் சொன்னதை ஒட்டி ஒரு எச்சரிக்கை. ஆண்டுகளின் எண்ணிக்கையை எழுதுவது நேர்மையானதுதான். தேதியைக் கேட்கும் படிவத்தில் மட்டும் தேதியைச் சரியாகப் போட்டுவிடுங்கள். இடைவெளியை மறைக்க இல்லாத "கன்சல்டன்ட்" வேலையை நுழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டி, கையில் வந்த வேலை போயிருக்கிறது. லிங்க்டினில் 2022 முதல் வேலை இடைவெளியைக் காரணத்தோடு பதிவு செய்யவே தனி இடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

---

அந்திமழை

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அந்த 4.9 என்ற எண்ணைப் படித்ததும் அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தது. ஐந்து மாதமாக என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் தெளிவானம் அக்கா, என்னிடம் மாதிரிக் கணக்கு எதுவும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? பில் பதிவு வேலைக்கு என்ன சொல்வது என்றும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

---

சாம்பல்குருவி

ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நான் ஏற்றுக்கொண்டேன். "உள்ளே நுழைந்துவிட்டால் ஆறு மாதத்தில் மேலே போய்விடலாம்" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. நான்கு வருடம் அதே நாற்காலி. என் பழைய வேலையை என்னைவிடப் பத்து வயது சின்னவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் தவறும் இடங்களைத் திருத்திக் கொடுத்தேன். பதவி மட்டும் வரவில்லை. அடுத்த இடத்துக்குப் போனபோது அந்த நான்கு வருடம்தான் என் அடையாளமாகிவிட்டிருந்தது. இடைவெளியை விளக்குவதைவிட அதை விளக்குவது கடினமாக இருந்தது.

---

அடிவானம்

குருவி சொல்வது வலிக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அப்படி ஆகாது. நானும் ஒரு படி கீழேதான் சேர்ந்தேன், 14 மாதத்தில் பழைய நிலைக்கு வந்தேன். என் விஷயத்தில் இரண்டு விஷயம் வேறாக இருந்தது. வேலை கீழே என்றாலும் அதே பாதையில் இருந்த வேலை. மேலே இருப்பவர் செய்வது தினமும் என் கண்ணில் பட்டது, அதில் ஒரு பகுதி என் கைக்கும் வந்தது. அப்புறம், சேரும் முன்பே ஒரு தேதியைக் கேட்டு வாங்கினேன். ஆறாவது மாதம் மதிப்பீடு, எதை வைத்து மதிப்பிடுவீர்கள் என்று மின்னஞ்சலில்.

ஒரு படி இறங்கலாம். பாதையை விட்டே இறங்கக் கூடாது. பில் பதிவு மட்டும் என்றால் அது வேறு பாதை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பணத்துக்கு நெருக்கடி இருந்தால் கதையே வேறு, அப்போது யார் சொல்வதையும் கேட்க வேண்டாம், சேர்ந்துவிடுங்கள். சேர்ந்துகொண்டே தேடலாம்.

---

பேரேடு

நான் ஓய்வுபெற்ற ஆடிட்டர். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள் அம்மா, அதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

9 வருடத்தில் எல்லாம் மாறிவிட்டது என்று பயப்படுகிறீர்கள். எது மாறவில்லை என்று முதலில் பாருங்கள். லூகா பசியோலி என்ற இத்தாலியக் கணிதவியலாளர் 1494-இல் அச்சில் விளக்கிய, ஒவ்வொன்றையும் பற்று, வரவு என்று இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையில்தான் இன்றும் கணக்கு எழுதுகிறோம். வங்கிக் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது எங்கே உதைக்கிறது என்று உங்கள் கண்ணுக்குத் தெரியுமே, அது 11 வருடத்தில் வந்தது. எந்த மென்பொருளும் அதைத் தராது.

மாறியது என்ன? சர்வதேசத் தரங்களைப் பின்பற்றும் இடங்களில் நீங்கள் விட்ட பிறகு மூன்று பெரிய விஷயம் நடைமுறைக்கு வந்தது. 2018 ஜனவரியில் ஐ.எஃப்.ஆர்.எஸ் (சர்வதேச நிதி அறிக்கைத் தரம்) 9, ஐ.எஃப்.ஆர்.எஸ் 15. 2019 ஜனவரியில் ஐ.எஃப்.ஆர்.எஸ் 16. 15 என்பது வருவாயை எப்போது, எவ்வளவு பதிவது என்பதற்கான ஐந்து படி முறை. 9-இல் உங்கள் வேலைக்கு அதிகம் வேண்டியது வராக்கடன் ஒதுக்கீடு. முன்பெல்லாம் கடன் கெட்டதற்கு அறிகுறி தெரிந்த பிறகு ஒதுக்குவோம். இப்போது எதிர்பார்க்கும் இழப்பை முதல் நாளிலிருந்தே கணக்கிட வேண்டும்.

16-ஐத்தான் மாதிரிக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வேன். முன்பு அலுவலகக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்தால் வாடகையைச் செலவில் எழுதிவிட்டுப் போவோம். இப்போது ஒப்பந்தம் 12 மாதத்துக்கு மேல் போனால், சிறு மதிப்புள்ள பொருட்களைத் தவிர, அதை இருப்புநிலைக் குறிப்பில் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் பயன்படுத்தும் உரிமை என்ற சொத்து, மறுபக்கம் இனி கட்ட வேண்டிய தவணைகளின் இன்றைய மதிப்பு ஒரு கடனாக. பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். இந்த விதிக்கு மாறிய வருடத்துடையதும் அதற்கு முந்தைய வருடத்துடையதும் வேண்டும். குத்தகைக் குறிப்பு எப்படி மாறியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஐந்து வருடக் குத்தகை ஒன்றைக் கற்பனை செய்து, முழு அட்டவணையை எக்செலில் போடுங்கள். அதில் அட்டவணையில் தேடி எடுக்கும் வீலுக்அப்புக்குப் பதில் எக்ஸ்லுக்அப் வந்துவிட்டது, தரவைச் சேர்த்துச் சீராக்கும் பவர் குவெரியையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகாது.

இன்னொன்று, இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. லாப நட்டக் கணக்கைக் காட்டும் விதத்தையே மாற்றும் ஐ.எஃப்.ஆர்.எஸ் 18 என்ற தரம் 2024-இல் வெளியானது. 2027 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுகளுக்குப் பொருந்தும். வருமானம், செலவு எல்லாவற்றையும் இயக்கம், முதலீடு, நிதி போன்ற வகைகளாகப் பிரித்து, இயக்க லாபத்தைக் கட்டாயமாகத் தனியே காட்ட வேண்டும். இதில் இடைவெளி எடுக்காதவர்களுக்கும் அனுபவம் இல்லை. 20 வருடமாக வேலையில் இருப்பவரும் நீங்களும் ஒரே கோட்டில் நிற்கும் இடம் இது. மற்றவர்கள் "வரும்போது பார்த்துக்கலாம்" என்று இருக்கும்போது நீங்கள் படித்துவிடுங்கள்.

---

படகுத்துறை

பேரேடு ஐயா சொன்ன கடைசிப் பத்தி எல்லாத் துறைக்கும் பொருந்தும். நான் விட்டுப்போன ஏழு வருடத்தையும் வரிசையாகப் பிடிக்கப் பார்த்து மூச்சு வாங்கியது. அப்புறம் எங்கள் குழுவில் எல்லோருக்கும் புதிதாக வந்த ஒரு கருவியை முதலில் படித்தேன். மூன்றாவது மாதம் சந்தேகம் கேட்க என்னிடம் வந்தார்கள்.

---

இலையுதிர்

ஒரு கேள்வி, இழையைத் திசைதிருப்பினால் மன்னிக்கவும். நான் ஆண், 4 வருட இடைவெளி, காரணம் என் உடல்நிலை. இப்போது சரியாகிவிட்டது, மருத்துவரும் வேலைக்குப் போகலாம் என்றுவிட்டார். என்ன நோய் என்று சொல்ல வேண்டுமா? "குடும்பத்தைப் பார்த்துக்கொண்டேன்" என்றாலே ஆண்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நோய் என்றால் கேட்கவே வேண்டாம்.

---

தெளிவானம்

நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. "உடல்நலக் காரணத்துக்காக விலகியிருந்தேன், முழுமையாகச் சரியாகிவிட்டது, முழுநேர வேலைக்குத் தயார்" என்பதோடு நிறுத்துங்கள். மேலும் குடைந்தால், "அந்த விவரத்தைத் தனிப்பட்டதாக வைத்துக்கொள்ள விரும்புகிறேன், இந்த வேலையைப் பாதிக்காது" என்று மரியாதையாகச் சொல்லலாம். வேலை நேரத்தில் ஏதாவது வசதி தேவைப்படும் என்றால் மட்டும், வேலை உறுதியான பிறகு பேசுங்கள். குணமாகி வந்ததற்கு வாழ்த்துகள், மனதார.

---

அந்திமழை

பில் பதிவு வேலைக்கு இன்று மறுப்புச் சொல்லிவிட்டேன். கை நடுங்கியது. பணத்துக்கு இன்னும் ஆறேழு மாதம் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொன்னேன்.

பேரேடு ஐயா, ஆண்டறிக்கைகளை இறக்கிவிட்டேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை. மூன்றாம் நாள் இரவு அந்த அட்டவணையில் கடைசி மாதக் கடன் மீதி சரியாகப் பூஜ்யத்துக்கு வந்தது. எழுந்து போய்த் தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பிக் காட்டினேன்.

இன்னொரு சந்தேகம். பரிந்துரைக்கு யாருடைய பெயரைக் கொடுப்பது? பழைய மேனேஜரிடம் 9 வருடமாகப் பேசவே இல்லை. திடீரென்று போய் எப்படிக் கேட்பது?

---

அடிவானம்

நானும் இதில் இரண்டு மாதம் தயங்கினேன். கடைசியில் அனுப்பியது ஏறக்குறைய இதுதான்:

"வணக்கம் சார். உங்களிடம் பணிபுரிந்து பல வருடம் ஆகிவிட்டது. இடையில் குடும்பப் பொறுப்பால் வேலையை விட்டிருந்தேன், இப்போது மறுபடி அதே துறையில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆடிட் நேரத்தில் கடைசி வாரம் நாம் சேர்ந்து சரக்கிருப்பைச் சரிசெய்தது நினைவிருக்கலாம். உங்கள் பெயரைப் பரிந்துரைக்குக் கொடுக்கலாமா? சிரமம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்."

சேர்ந்து செய்த ஒரு வேலையை ஞாபகப்படுத்துவதுதான் இதில் முக்கியம். மேலாளர்களுக்கு வருடங்கள் மறந்துபோகும், அந்த மாதிரி இரவுகள் மறக்காது. எனக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பரிந்துரை மட்டும் இல்லை, ஒரு காலியிடத்தைப் பற்றியும் சொன்னார்.

---

வேம்புநிழல்

யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லையே. நான் திரும்பிய முதல் முயற்சி தோற்றது ஆபீசில் இல்லை, வீட்டில்.

9 வருடம் நீங்கள் வீட்டில் இருந்ததால் எல்லோருடைய நாளும் உங்களைச் சுற்றித்தான் ஓடுகிறது. வேலை கிடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு வேலையும் உங்கள் தலையில்தான் விழும். இப்போதே பேசுங்கள். "உதவி செய்கிறேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், உதவி என்றால் பொறுப்பு இன்னும் உங்களுடையது என்று அர்த்தம். பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுப்பது யார், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் லீவு போடுவது யார் என்று பெயர் போட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பள்ளிப் பதிவேட்டில் முதல் எண்ணையே மாற்றிக் கொடுங்கள். என் இரண்டாவது முயற்சியில் நான் செய்த முதல் காரியம் அது.

உடம்பையும் பழக்குங்கள். எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கவனம் வைப்பது தனிப் பழக்கம். சேர்வதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே அதே நேரத்துக்கு எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மாதிரிக் கணக்கோடு உட்காருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் அது ஒத்திகை.

---

சாம்பல்குருவி

சம்பளப் பேச்சு வரும்போது பழைய சம்பளத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். 9 வருடத்துக்கு முந்தைய எண் அது. "இந்தப் பதவிக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று நீங்கள் கேளுங்கள். நான் பழைய எண்ணைச் சொல்லித்தான் மாட்டினேன்.

---

அந்திமழை (ஏழு வாரம் கழித்து)

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? சொல்ல ஒரு செய்தி இருக்கிறது.

பழைய மேனேஜருக்கு எழுதினேன். அவர் என்னை மறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலத்துக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி என் பெயரைக் கொடுத்தார். நேர்காணலில் அந்தக் கேள்வி வந்தது. தெளிவானம் அக்கா எழுதியதை ராத்திரி இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். சொன்னேன், நிறுத்தினேன். அந்த மௌனம் நீளமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர், "அந்த அட்டவணையைக் காட்டுங்கள்" என்றார். லேப்டாப்பைத் திறந்தேன். அரை மணி நேரம் குத்தகையைப் பற்றியே பேசினோம். வருங்காலத் தவணைகளை இன்றைய மதிப்புக்கு மாற்றும் தள்ளுபடி விகிதத்தை எப்படி முடிவு செய்தேன் என்று கேட்டார். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததை அப்படியே சொன்னேன். "எங்களுக்கும் அதில்தான் சந்தேகம்" என்றார்.

சம்பள வரம்பை நான்தான் முதலில் கேட்டேன், குருவி. நடுவில் ஒரு எண்ணுக்குச் சம்மதித்தோம். நிரந்தரம் இல்லை, ஆறு மாதம்தான். ஐந்தாவது மாதத் தொடக்கத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டேன், அடிவானம் சொன்னபடி.

திங்கட்கிழமை சேர்கிறேன். என் குழுத் தலைவருக்கு 27 வயதாம். பள்ளிப் பதிவேட்டில் முதல் எண்ணாகக் கணவருடையதைக் கொடுத்துவிட்டேன். நேற்று அவருக்கு முதல் போன் வந்தது.

---

பேரேடு

மிக்க மகிழ்ச்சி அம்மா. முதல் வாரத்தில் போன வருட ஆடிட் கோப்பைக் கேட்டு வாங்கி, ஆடிட்டர்கள் எழுப்பிய கேள்விகளை மட்டும் படியுங்கள். அந்த நிறுவனத்தின் கணக்கில் எங்கே வலி என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

---

இலையுதிர்

எனக்கு அடுத்த புதன்கிழமை நேர்காணல். அந்த இருபது வினாடிப் பதிலை நானும் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது படித்துப் பார்த்துச் சொல்கிறீர்களா?

---

அந்திமழை

இங்கேயே போடுங்கள் சகோ. இன்று இரவே படித்துவிட்டுச் சொல்கிறேன்.